மாம்பழப் பெட்டி சுமந்த போசன்

“டாக்டர் என்ன கேட்டாலும் சரி, அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லித் தொலைச்சுடாத.”

மணிலாவுக்குப் போகும் கப்பலின் மேல்தட்டில், இரும்புக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சால்வா இதைப் புருஷனிடம் சொன்னாள். இலோயிலோ துறையின் விளக்குகள்கூட இன்னும் கண்ணைவிட்டு மறையவில்லை. அதற்குள் எத்தனையாவது முறை என்று செனிங் எண்ணுவதை விட்டுவிட்டான்.

“எந்த வார்த்தை?”

“தெரியாதவன் மாதிரி கேக்காத. ‘முடியும்’. அது மட்டும் உன் வாய்ல வந்துச்சு, உன்ன அங்கயே விட்டுட்டு அடுத்த கப்பல்ல திரும்பிடுவேன்.”

“சரி, சொல்லல.”

“சத்தியமா?”

“ஒரு நாள் ஒரு வார்த்தைய அடக்கிவெக்க என்னால முடியும்.”

சால்வா தலையில் அடித்துக்கொண்டாள். தான் சொன்னது என்னவென்று செனிங்குக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. சிரிக்கப் போனான். சிரித்தால் இடுப்பில் பிடிக்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அர்செனியோ ஃபாமதிட் என்பது பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர். இலோயிலோவை அடுத்த மியாகாவ் கடற்கரையில் செனிங் என்றால்தான் தெரியும். அந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவன் கப்பலில் இருப்பான். சிமெண்டு வீடு பாதியில் நின்றால் ஆள் இன்னும் கடலில் இருக்கிறான், கூரை போட்டாயிற்று என்றால் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். செனிங் வீடு பாதியில் நிற்கிறது. ஆள் மட்டும் திரும்பிவிட்டான்.

அந்த வார்த்தையை அவன் கடலில் கற்கவில்லை. கரையிலேயே, மணிலாவில், கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஆபீசில் கற்றான். புதிதாக வரும் பையன்களைச் சம்பளம் இல்லாமல் எடுபிடியாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். மேனேஜர் காரைக் கழுவ முடியுமா? முடியும் சார். மேனேஜர் பெண்டாட்டியை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போக முடியுமா? முடியும் மேடம். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? முடியும். முடியாது என்று ஒரு தடவை சொன்னவன் பெயரை அடுத்த கப்பலுக்குக் கூப்பிடமாட்டார்கள். அப்படிப் பழகின நாக்கு. கப்பலேறி, சாதா மாலுமியாகி, கயிறு வேலை கற்று, கப்பல் தட்டில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் மேஸ்திரியான போசன் ஆகிறவரைக்கும் அந்த நாக்கு மாறவில்லை.

முதுகு போனதும் அந்த நாக்கால்தான். பனி கொட்டும் ஒரு வடக்குத் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு சுற்றும் எந்திரம் உறைந்து நின்றுவிட்டது.

“போசன், கையால இழுத்துக் கட்ட முடியுமா?” என்று கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் வயர்லெஸ்ஸில் கேட்டார்.

“முடியும் சார்.”

ஆள் தொடை கனத்துக்கு நனைந்த கயிறு. கட்டியும் விட்டான். கட்டி முடித்ததும் தட்டிலேயே உட்கார்ந்தான், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஊருக்கு அனுப்பினார்கள். இங்கேதான் மியாகாவ் ஆட்கள் பலர் கோட்டைவிடுவது. விமானம் விட்டு இறங்கியதும் நேரே ஊருக்கு வந்து, எண்ணெய் போட்டு நீவிவிடுகிற கிழவனிடம் குப்புறப் படுத்துக் கிடந்துவிட்டு, அப்புறம் கம்பெனிக்குப் போவார்கள். வந்து காட்ட வேண்டிய மூன்று நாள் கெடு தாண்டிவிட்டது, இனி நீ யாரோ நாங்கள் யாரோ என்று கதவைச் சாத்திவிடுவார்கள். செனிங் அதில் மாட்டவில்லை. இறங்கின மறுநாளே கம்பெனி டாக்டரிடம் போய் நின்றான். மாசக்கணக்கில் கரண்டு வைத்தார்கள், இழுத்துக் கட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒருநாள் டாக்டர் தோளில் தட்டி, “எப்படி இருக்கு போசன்? வேலைக்குப் போக முடியுமா?” என்று கேட்டார்.

அவன் என்ன சொன்னான் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உடம்பு நலம், வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள். நலம்தானே என்று அதே ஏஜென்சிக்குப் போய் அடுத்த கப்பலைக் கேட்டான். ஏறுவதற்கு முன்னால் சோதிக்கிற வேறொரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே எலும்புப் படத்தைப் பார்த்தவன் இந்த முதுகைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று திருப்பிவிட்டான். நஷ்டஈடு கேட்டால் முதுகு நல்ல முதுகு, வேலை கேட்டால் கெட்ட முதுகு. இருப்பதோ ஒரே முதுகு.

சால்வா அதன் பிறகுதான் வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் சொல்லி இன்னொரு டாக்டரிடம் காட்டினார்கள், இவர் இனி கடலுக்கு ஆகமாட்டார் என்று அவர் எழுதிக் கொடுத்தார். கம்பெனி டாக்டர் ஒன்று சொல்ல, நம் டாக்டர் ஒன்று சொல்ல, இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிற மூன்றாவது டாக்டர் ஒருவர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அவர் நலம் என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. நஷ்டஈடும் இல்லை, வைத்தியமும் இல்லை, கப்பலும் இல்லை. பாதி வீடும் சால்வாவின் மீன் கூடையும்தான் மிச்சம்.

அந்த மூன்றாவது டாக்டரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கிளம்புவதற்கு முன்னால் தாதோங் வந்து பாடம் நடத்தினான். தாதோங் அதே கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். செனிங் மகனுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் ஒருவரையொருவர் ‘பாரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“எங்க பாரே, வலிக்குதுன்னு சொல்லு பாப்போம்.”

“வலிக்குது.”

“என்னய்யா இது? பொண்டாட்டிய சாப்பிடக் கூப்பிடுற மாதிரி சொல்ற? மணிலாக்காரன் காதுல விழுந்தா, உனக்கு ஏதோ நல்ல சேதி வந்திருக்குன்னு நெனைப்பான்.”

“நம்ம பக்கத்துப் பேச்சே அப்படித்தான பாரே. இழுத்து இழுத்துதான வரும்.”

“அதத்தான் சொல்றேன். நாம வெட்டுவேன் குத்துவேன்னாக்கூட அவனுங்களுக்குக் கொஞ்சுற மாதிரி இருக்குதாம். அதனால நீ பேசாத. முனகு.”

செனிங் முனகினான்.

“இது முனகலா? பூனைக்குக் கனவு வந்த மாதிரி இருக்கு. சால்வா, இவனைப் பேசவும் விடாத, முனகவும் விடாத. பொணம் மாதிரி படுக்கவெச்சிடு. அதாவது அவனுக்கு வரும்.”

சால்வா சிரிக்கவில்லை. அவள் கண் செனிங்கின் இடது காலில் இருந்தது. அந்தக் காலில் செருப்பு நிற்பதில்லை. கடற்கரையில் நடந்து வருவான், செருப்பு பின்னால் மணலில் கிடக்கும், இவன் பாட்டுக்கு வந்துகொண்டிருப்பான். அவள் எடுத்து வந்து கொடுத்தால், “வார் தளந்துபோச்சு” என்பான். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அதற்கும் வார் தளர்ந்துதான் இருந்தது. இதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறாயா, வக்கீலிடம் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். கால் செத்துவிட்டது என்று கரையில் பேச்சுப் பரவினால் அப்புறம் எந்த ஏஜென்சி கூப்பிடும்? வழக்குப் போட்டுவிட்டு, ஒரு மூலையில் அடுத்த கப்பலையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான் மனுஷன்.

இத்தனை எச்சரிக்கையாக இருந்த சால்வாவே ஒரு காரியம் செய்தாள். கிளம்பும் நாளில் குயிமராஸ் தீவு மாம்பழம் ஒரு பெட்டி கட்டினாள். பால் டின் வந்த அட்டைப்பெட்டி, நாலாபக்கமும் பிளாஸ்டிக் கயிறு. மணிலாவுக்கு வெறுங்கையோடு போகிறவன் எங்கள் பக்கம் கிடையாது. அதுவும் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்க. முதுகு உடைந்தவன் என்று நிரூபிக்கப் போகிற இடத்துக்குப் பெட்டி கட்டுகிறோமே என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை, வழியனுப்ப வந்த தாதோங்குக்கும் தோன்றவில்லை. “மேல பழுத்தத அடுக்கிருக்கியா? கீழ போனா நசுங்கிடும்” என்று மட்டும் கேட்டான் தாதோங்.

மணிலாத் துறையில் இறங்கியது முதல் பெட்டி சால்வாவின் தலையில் இருந்தது. மீன் கூடை சுமந்த தலை, அவளுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டாள். செனிங் செருப்போடுதான் வந்திருந்தான். பூட்சு போடலாம் என்றால் குனிந்து நாடா கட்ட அவனால் ஆகாது, நாலு பேர் பார்க்க சால்வா காலடியில் உட்கார்ந்து கட்டிவிடுவதை அவன் விரும்பவில்லை.

டாக்டரின் கிளினிக் பழைய கட்டடம் ஒன்றில், மாடியில். லிஃப்ட் இல்லை. கீழே வாசலிலும் படியோரத்திலும் ஏழெட்டு மாலுமிகள் நின்றிருந்தார்கள், ஒருவனுக்குக் கையில் கட்டு, ஒருவனுக்குக் கழுத்தில் பட்டை. புது ஆள் வருகிறான் என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் பெட்டியோடு பெண்டாட்டி, பின்னால் கைவீசிக்கொண்டு போசன்.

“பெட்டியக் கொடு.”

“பேசாம வா.”

“எல்லாரும் பாக்குறானுங்க, சால்வா. படி மட்டும்தான். கொடு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் தலையிலிருந்து இறக்கித் தோளில் வைத்துக்கொண்டான். முதல் படியிலேயே இடுப்பில் கத்தி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை வேண்டும், பெட்டிக்கு ஒரு கை. கண்ணுக்குள் வெளிச்சம் வெளிச்சமாக வந்தது. சால்வா பெட்டி சரியாமல் இருக்கிறதா என்று மேலேயே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவன் காலைப் பார்க்கவில்லை.

மாடிக் கோடியில் சட்டை மடிப்புக் கலையாத ஒருவன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பெனி ஆள், டிமாயுகா. இதற்கு முன் வழக்கு விசாரணையில் பார்த்த முகம்.

“குட் மார்னிங் போசன். ரொம்ப கனமா?”

“பரவால்ல சார்.”

சால்வாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பெட்டியைப் பிடுங்கினாள். என்ன பிரயோசனம், போன் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

டாக்டர் லக்குவெஸ்தா வயதான அம்மா. நரைமுடியைக் கொண்டை போட்டிருந்தார், முகத்தில் சிரிப்பும் இல்லை சிடுசிடுப்பும் இல்லை. செனிங்கும் சால்வாவும் நாற்காலியில் உட்கார்வதற்குள் டிமாயுகா ஆரம்பித்துவிட்டான்.

“ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன் டாக். அந்தப் பெட்டிய இவரேதான் தோள்ல வெச்சு மாடி ஏறி வந்தாரு. என் கண்ணால பாத்தேன், போன்லயும் இருக்கு. முதுகு போன மனுஷன்னு கேஸ் போட்டிருக்காரு.”

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். “உள்ள என்ன?”

“மாம்பழம் டாக்,” என்றான் செனிங். “உங்களுக்குத்தான்.”

“ஓ, அது வேறயா,” என்றான் டிமாயுகா.

“எங்க ஊர்ல பெரியவங்கள வெறுங்கையோட பாக்க மாட்டோம் டாக்,” என்றாள் சால்வா. “துறைலருந்து வாசல் வரைக்கும் நான்தான் சுமந்தேன். படிகிட்ட வந்ததும் பிடுங்கிக்கிட்டாரு. கீழ நிக்கிறவங்கள கேளுங்க.”

“நீங்களா தூக்குனீங்க, போசன்?”

“படி மட்டும் டாக்.”

“தூக்க முடிஞ்சுதா?”

சால்வா அவன் முகத்தையே பார்த்தாள். தொண்டைக்குள் அந்த வார்த்தை வந்து முட்டுவது வெளியே தெரிந்தது. செனிங் விழுங்கினான்.

“பரவால்லாம இருந்துச்சு டாக்.”

அதற்கும் இதற்கும் ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. சால்வா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கதவைத் தட்டிவிட்டுக் காவலாளிப் பையன் தலையை நீட்டினான். கையில் ஒற்றைச் செருப்பு.

“மன்னிக்கணும் டாக். இது யாரோடதுன்னு தெரியல. படில நடுவுல கெடந்துச்சு. கீழ எல்லாரையும் கேட்டுட்டேன்.”

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். செனிங் டிமாயுகாவின் பளபளப்பான பூட்சைப் பார்த்தான். சால்வாவின் காலைப் பார்த்தான். டாக்டரின் காலைக்கூட மேசைக்கு அடியில் தேடினான். கடைசியில்தான் தன் காலைப் பார்த்தான். இடது கால் வெறுங்காலாகத் தரையில் இருந்தது.

“என்னோடதுதான் தம்பி. இப்பதான் கழட்டினேன்.”

“படிலயா கழட்டுனீங்க?” என்று டாக்டர் கேட்டார். செனிங் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். “அந்தக் கட்டில்ல படுங்க. கண்ண மூடிக்கங்க. நான் ஊசியால தொடுவேன். தெரியுறப்ப சொன்னாப் போதும்.”

செனிங் படுத்தான். டாக்டர் வலது காலில் தொட்டார்.

“தெரியுது. தெரியுது. அதுவும் தெரியுது.”

பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இடது கால் முறை வந்திருக்கும் என்று செனிங் கணக்குப் போட்டான். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களை அவன் ஆயுசில் காக்கவைத்ததில்லை.

“தெரியுது டாக்.”

“எங்க?”

“கட்டைவிரல்ல.”

“நான் இன்னும் தொடவே இல்லையே, போசன்.”

டிமாயுகா நிமிர்ந்தான். செனிங்கின் காது சிவந்துபோனது. கண்ணைத் திறக்காமலே கிடந்தான். அடுத்தது வரும், இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

“போதும், கண்ணத் திறங்க.”

ஊசி அவன் இடது கட்டைவிரலில் குத்தி நின்றுகொண்டிருந்தது. அடியில் மிளகு போல ஒரு சொட்டு ரத்தம்.

சால்வா வாயைப் பொத்திக்கொண்டாள். செனிங் அந்த ஊசியை வேறு யார் காலிலோ இருப்பது போலப் பார்த்தான். டாக்டர் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினார். அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார், இடது பாதம் தொப்பென்று விழுந்தது. படங்களை விளக்கில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“கம்பெனி டாக்டர்கிட்டயும் இப்படித்தான் பதில் சொன்னீங்களா?”

“ஆமா டாக். கேட்டா சொல்லணும்ல.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “முதுகுலருந்து காலுக்குப் போற நரம்பு கெட்டுப்போயிருக்கு. திரும்ப வரும்னு எனக்குத் தோணல. இனிமே உங்களுக்குக் கப்பல் கிடையாது. அப்படித்தான் எழுதப் போறேன்.”

இதைக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்தார்கள். சால்வா நெற்றியிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள். செனிங் மட்டும் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்தான்.

“லேசான வேலை ஏதாவது, டாக்? துறைமுகத்துல நிக்கிறப்ப ஏணிகிட்ட காவல் நிப்பாங்க. கனம் தூக்க வேண்டியதில்ல. அது என்னால முடியும்.”

வார்த்தை விழுந்தேவிட்டது. டிமாயுகா வாயைத் திறந்தான். டாக்டர் அவன் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி அடக்கினார்.

“முடியாது, போசன்,” என்றார். “நீங்க சொல்ல மாட்டீங்க. அதனால நான் சொல்றேன். முடியாது.”

செனிங் தலையை ஆட்டினான். மேலதிகாரி உத்தரவு போட்டால் ஆட்டுகிற அதே ஆட்டல்.

கம்பெனி பார்த்துப் பதில் சொல்லும் என்றான் டிமாயுகா. அந்தப் பதில் எப்படி வரும், எத்தனை இழுப்பு இழுத்து வரும் என்பது மியாகாவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டாக்டர் எழுதினது எழுதினதுதான்.

“பெட்டிய எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றார் டாக்டர். “உங்ககிட்டருந்து ஒரு மாம்பழம் வாங்கினாக்கூட, அதையும் இவர் போன்ல எடுத்துடுவாரு.”

செனிங்கின் கை தானாகப் பெட்டிக் கயிற்றுக்குப் போனது. சால்வா அதற்கு முன்னால் தூக்கித் தலையில் வைத்துவிட்டாள்.

“நான் கீழ வரைக்கும் கொண்டாரவா?” என்று டிமாயுகா கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான் போலிருக்கிறது.

“வேணாம் சார். அப்புறம் உங்கள போட்டோ எடுக்க இன்னொரு ஆள் வேணும்,” என்றாள் சால்வா.

இறங்கினார்கள். சால்வா முன்னால், பெட்டியோடு. செனிங் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால். காலில் இரண்டு செருப்பும் இருந்தன. மாலுமிகள் இன்னும் அங்கேயே நின்றார்கள். படிக்கட்டில் அவன் சால்வாவிடம் பேசினதைக் காவலாளிப் பையன் கேட்டிருப்பான் போல. முகம் மலர்ந்து, எங்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி ‘நோங்’ என்று கூப்பிட்டான்.

“நோங், நம்ம பக்கமா? எந்த ஊரு?”

“மியாகாவ்.”

“நானும் அந்தக் கரைதான். பேச்சக் கேட்டதும் நெனச்சேன்.” பையனுக்கு ஊர்க்காரரைக் கண்ட உற்சாகம். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்: “என்ன நோங், அக்கா தலைல மலைய ஏத்திட்டு நீங்க ராஜா மாதிரி வெறுங்கையோட வர்றீங்க? ஒரு கை பிடிக்கக் கூடாதா?”

கழுத்தில் பட்டை போட்டவன்கூடச் சிரித்தான். செனிங் கடைசிப் படியில் நின்றான். வாய் பழக்கத்துக்குத் திறந்தது. பிடிக்கலாமே தம்பி என்று சொல்லிப் பெட்டிக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது, நாலு எட்டு வைத்தால் தெரு. அவன் கைப்பிடியை விடவில்லை.

“முடியாது, தம்பி.”

எங்கள் பக்கத்து இழுப்போடு, தாலாட்டு மாதிரிதான் வந்தது. பையன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தான்.

“நிசமாத்தான். என்னால முடியாது,” என்று இன்னொரு தடவை சொன்னான் செனிங். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

சால்வா வெளியே நடைபாதையில் நின்றிருந்தாள். தலைச்சுமையோடு திரும்ப வராததால் தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

“செருப்பு இருக்கா?”

செனிங் தலையைக் குனிந்து இடது காலைப் பார்த்தான்.

“இருக்கு,” என்றான்.